மாமா எழுதிக் கொடுக்காத சீட்டு

என் மாமா எப்படிச் செத்தார் என்று அத்தையிடம் நான் சொன்னது பொய். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். என் பொய் நன்றாகவே பொருந்திவிட்டது. நாலு வருஷம் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அத்தை அதை எடுத்துச் சொல்வார், கேட்டவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. முப்பத்தோரு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் நிதானம். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு அது ஒரு பெயரா என்று நீங்கள் கேட்கலாம், எல்லோரும் கேட்டார்கள். "நிதானம் வண்டியில ஏறினா ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள நோயே ஓடிடும்" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். வேகத்தடையைக் கண்டால் மாமா வண்டியைக் கைக்குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி இறக்குவார். எலும்பு முறிந்தவனுக்கு ஒவ்வொரு குலுக்கலும் ஒரு முறிவு என்பது அவர் கணக்கு. வேகமாகப் போக வேண்டிய இடத்தில் போனார் என்பதும், முப்பத்தோரு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதும் கிண்டல் செய்தவர்களுக்கே தெரியும்.

இன்னொரு பழக்கம் அவருக்கு உண்டு. நோயாளியை வண்டியில் ஏற்றியதும், சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பென்சிலால் ஒரு சீட்டு எழுதுவார். ஆணா பெண்ணா, வயது என்ன, எங்கே அடி, எத்தனை மணியிலிருந்து, நினைவு இருக்கிறதா, கூட வந்தது யார். வழியில் வலி கூடினால், நெரிசலில் வண்டி நிற்கும்போது மணியைப் பார்த்து அதையும் சேர்ப்பார். இறங்கியதும் நர்ஸ் கையில் கொடுப்பார். அப்படி எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "அங்க நின்னு கேள்வி கேக்கற நேரத்துல ஒரு ஊசி போட்டுடலாம்" என்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அண்ணன் கண்ணாடித் துண்டை மிதித்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தான். தரையில் ரத்தம். நான் பாத்திர அலமாரியோடு சேர்ந்து விழுந்தேன். அண்ணனை விட்டுவிட்டு எல்லோரும் என்னைத் தூக்க ஓடி வந்ததில் அவனுக்கு இன்றுவரை மனத்தாங்கல். அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் தொபுக்கடீர். சித்தி வீட்டுப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டன. மாமா மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

பதினேழு வயதில் நர்ஸ் வேலைக்குப் படிக்கப்போகிறேன் என்றேன். அதற்கு முந்தின வருஷம் அம்மா குடல்வால் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது, ஒரு நர்ஸ் உள்ளே வந்ததும் அந்த வார்டில் இருந்த பதினாறு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் என்னை அப்படி ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. காரணம் அவ்வளவுதான், சேவை மனப்பான்மை என்றெல்லாம் கதை விடமாட்டேன். அப்பா செய்தித்தாளை மடித்தார். "ரத்தத்தைப் பார்த்தா மல்லாந்துடறவ நர்ஸாம். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்தான்.

மாமா சிரிக்கவில்லை. "பழகப் பழகப் பாலே புளிக்குது அத்தான். பயம் புளிக்காதா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வண்டியைக் கழுவுவார். அந்த வாரம் என்னையும் கூட்டிப்போனார். பின்கதவைத் திறந்து வைத்து, குழாயைத் திருகினார். தரையில் காய்ந்து கிடந்தது இளகி, தண்ணீர் சிவந்து, என் செருப்புப் பக்கமாக வந்தது. எனக்குக் காது அடைத்தது. கண் விழித்தபோது வண்டிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், மாமா என் தலையை என் முழங்காலுக்கு நடுவே பிடித்து வைத்திருந்தார். "பதினோரு செகண்டு நின்னே. அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார். பரிதாபமும் படவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் இருபது செகண்டு. அதற்கடுத்த வாரம் மறுபடி பதினொன்று, நான் அழுதேன். ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை குழாய் என் கையில் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும், "அத்தான், உங்க பொண்ணு வண்டியைக் கழுவிட்டா" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சியில் நான் மூன்று தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை, பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. மாமாவுக்கு எழுதினேன். நாலாம் நாள் சீருடையோடு விடுதி வாசலில் வந்து நின்றார். நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர், பத்து நிமிஷம்தான் பேசினார். "உரலுக்குள்ள தலையை விட்டாச்சு. இனிமே உலக்கைக்குப் பயந்து ஆகுமா? விழுறது தப்பில்ல பாப்பா. நோயாளி மேல விழாம பார்த்துக்க, அது போதும்." நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு விழவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. நான் விழுந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இருந்தார், அதனாலாக இருக்கலாம்.

வேலை கிடைத்தது அவர் நோயாளிகளைக் கொண்டுவரும் அதே ஆஸ்பத்திரியில். சில வருஷங்களில் அவசரப் பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் நாள் மாமா ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார், என்னைப் பார்த்தார், சீட்டை நீட்டினார். "சிஸ்டர், கால் முறிவுங்க. இருபத்தாறு வயசு. நினைவு இருக்குங்க" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னைத் தூக்கி வளர்த்தவர் என்னைப் பார்த்து 'ங்க' போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது சண்டை போட்டேன். "நீ எனக்குப் பாப்பா, சரி. அங்க படுத்திருக்கறவனுக்கு நீ சிஸ்டர். நானே உன்னை வா போன்னு கூப்பிட்டா அவன் உன்னை நம்புவானா?" என்றார். அதோடு நானும் அங்கே அவரை "டிரைவர் சார்" என்று கூப்பிட ஆரம்பித்தேன். வாசலுக்கு வெளியே மாமா, உள்ளே டிரைவர் சார். பதினைந்து வருஷம் இந்த வழக்கம் நடந்தது. எங்களுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது, ஒளிப்பானேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஆஸ்பத்திரிக்கு வருவது நிற்கவில்லை. மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. வீட்டில் உட்கார அவருக்குத் தெரியவில்லை. தெருவில் யாருக்குத் தலைவலி வந்தாலும் இவர்தான் கூட்டிக்கொண்டு வருவார். வாரத்துக்கு ஒரு தடவையாவது, வரிசையில் நிற்க வைத்து, சீட்டு எழுதி, பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்து, பார்த்து முடித்ததும் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். அந்தப் பெஞ்சில் அவரைப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கட்டிடம் ஒன்றில் சாரம் சரிந்து ஒன்பது பேரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு டாக்டர்கள், நாலு நர்ஸ்கள், எங்கு திரும்பினாலும் சிமெண்டுத் தூசியும் ரத்தமும். மாமா எட்டு ஐம்பதுக்கு உள்ளே வந்திருக்கிறார். பதிவு எழுதும் கிளார்க், "என்ன நிதானம், இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். மாமா சிரித்துவிட்டு, "முதல்ல அவங்களைப் பாருங்க" என்று சொல்லிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாராம். கூட்டிவந்த ஆள் கழிப்பறைக்குப் போயிருப்பான் என்று நினைத்ததாகக் கிளார்க் பிறகு என்னிடம் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஆள் போதவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளும் அட்டெண்டர் மாமாவைப் பார்த்து, "அண்ணே, ஒரு கை குடுங்க" என்றான். மாமா எழுந்து போய்க் கை கொடுத்தார். ஒருவனை அல்ல, இரண்டு பேரைத் தூக்கினார். இரண்டாவது ஆளை நான் நின்றிருந்த கட்டிலில்தான் இறக்கினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். மாமாவின் முகம் வெளுத்திருந்தது. நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை. அந்த வியர்வையைப் பற்றி வருஷா வருஷம் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா? எதிரே நின்றது. பாரம் தூக்கினதால் வேர்க்கிறது, வயதாகிவிட்டது என்று நினைத்தேன்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம் கிடைக்குமாங்க?" என்றார்.

யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க டிரைவர் சார். இதோ வந்துடறேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். பாப்பா என்று கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன். அவர் உள்ளே இருந்தார், அதனால் கூப்பிடவில்லை.

பத்து நிமிஷம் என்றது ஐம்பது நிமிஷமானது. கையைக் கழுவிவிட்டுப் போனபோது சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண், "பாவம், அசந்து தூங்கறாரும்மா. எழுப்பாதீங்க" என்றாள். தோளைத் தொட்டேன். அவர் என் பக்கமாகச் சரிந்தார்.

நாற்பது நிமிஷம் போராடினோம். நெஞ்சை அழுத்தியது நான்தான், வேறு யாரையும் விடவில்லை. விலா எலும்பு என் கைக்குக் கீழே முறிந்தது. எனக்குத் தலை சுற்றவில்லை, ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் முடிந்து டாக்டர் என் தோளைப் பிடித்து இழுத்த பிறகு, மாமாவின் சட்டையைக் கழற்றும்போது, பையில் அந்தச் சீட்டு இருந்தது.

ஆண். வயது 59. நெஞ்சில் பாரம், காலை 6.30 முதல். இடது கை மரத்துப் போகிறது. வியர்வை உண்டு. சுயநினைவு உண்டு. உடன் வந்தவர் யாரும் இல்லை. அதற்குக் கீழே, 8.50 வந்து சேர்ந்தது. 9.20 வலி தோளுக்கு ஏறியது. 9.45 மூச்சு வாங்குகிறது.

யாருக்கும் காட்டாமல் மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் மேல் எனக்குக் கோபமும் உண்டு. எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு? முப்பத்தோரு வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னவர்தானே. வண்டியைக் கூப்பிடாமல் பஸ்ஸில் வந்திருக்கிறார். டிக்கெட்டும் பையில் இருந்தது. தியாகம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது முட்டாள்தனமாகவும் படுகிறது. ஆனால் அந்தக் கோபம் ரொம்ப தூரம் போவதில்லை, கொஞ்சம் போனதும் திரும்பி என் மேலேயே வந்து விழும். அவர் சொல்லத்தான் வந்தார். ஒரு நிமிஷம் கேட்டார்.

மதியம் அத்தை வந்தார். என்னைப் பார்க்கப் போவதாகத்தான் அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார் மாமா. அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன்னைப் பார்த்தாரா? உன்கிட்டப் பேசினாரா?" என்று கேட்டார்.

"பேசினார் அத்தை. பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டேதான் இருந்தார். திடீர்னு சாஞ்சுட்டார். நான்தான் பிடிச்சேன். வலியே தெரியல" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. வந்தது வந்தபடி நின்றுவிட்டது. பெற்ற மகள் மாதிரி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள் என்று அத்தை எல்லோரிடமும் சொன்னார். மடி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, வருஷா வருஷம் அதில் ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டது. கடைசியில் மாமா என் மடியில் தண்ணீர் குடித்து, என் தலையைத் தடவிவிட்டுப் போயிருந்தார். நான் ஒன்றையும் மறுக்கவில்லை. கிளார்க்கும் அட்டெண்டரும் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார்கள். நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

போன மாதம் அத்தைக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். தனியாக விட முடியாது என்று என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் பெண் கல்லூரி விடுதியில் இருப்பதால் அவள் அறை காலியாக இருந்தது. நாலு வேளையும் நான்தான் சொட்டு மருந்து விட்டேன். தலையணையில் சாய்ந்து, முகத்தை நிமிர்த்தி, அத்தை நான் சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தார். கைக்கு அடக்கமான நோயாளி.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மருந்து விட்டுக் கண்மூடியை ஒட்டினேன். அத்தை என் மணிக்கட்டைத் தடவிப் பிடித்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தருவியா?"

"கேளுங்க அத்தை."

"நான் போறப்பவும் நீ பக்கத்துல இருக்கணும். அவர் போன மாதிரி எனக்கும் போகணும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு. ராத்திரி படுக்கறப்ப அதைத்தான் நினைச்சுக்குவேன். உன் மடி, நீ பிடிச்சுட்டிருக்கற கை. அப்புறம் தூக்கம் தானா வந்துடும்."

என்னால் முடியவில்லை. நாலு வருஷம் சுமந்தது ஒரு கணத்தில் தாங்க முடியாமல் போனது. அத்தைக்கு உண்மை தெரிய வேண்டும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். என் பாரத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது, எதிரே அத்தை படுத்திருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சாரம் சரிந்தது, பெஞ்சு, தூக்கிய இரண்டு பேர், பத்து நிமிஷம் உட்காருங்க என்றது. கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்தேன். மடிப்பெல்லாம் கிழிந்து தனித்தனியாக வரும் நிலையில் இருந்தது.

"எனக்கு எங்க தெரியுது. நீயே படி" என்று திருப்பிக் கொடுத்தார்.

படித்தேன். உடன் வந்தவர் யாரும் இல்லை என்ற இடத்தில் நிறுத்தினேன். அத்தை காத்திருந்தார். மீதியையும் படித்தேன்.

"ஒன்பதே முக்காலுக்கு நீ எங்க இருந்தே?"

"அந்தப் பெஞ்சுலேர்ந்து பதினஞ்சு அடியில, அத்தை."

"மூச்சு வாங்குதுன்னு எழுதியிருக்காரு."

"ஆமா."

"மடியில இல்ல அப்போ."

"இல்ல."

அவர் பிடித்திருந்த என் மணிக்கட்டை விட்டார். கோபமாக உதறவில்லை, சும்மா விட்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அல்லது, போகட்டும் விடு, உன் மேல் என்ன தப்பு என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அதற்குத்தான் ஆசைப்பட்டுச் சொன்னேன். அத்தை இரண்டையும் சொல்லவில்லை. இடது கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மோவாய் நடுங்க ஆரம்பித்தது. கை கண்மூடியை நோக்கிப் போனது.

இருபத்து மூன்று வருஷம் செய்த வேலை, என் கை தானாக அதைத் தடுத்துப் பிடித்தது.

"அத்தை, கண்ணைத் தொடாதீங்க. அழக்கூடாது. தையல் போட்டிருக்காங்க."

"எத்தனை நாளைக்கு?"

"டாக்டர் மூணு வாரம் சொல்லியிருக்கார்."

அத்தை கையை இறக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு பெருமூச்சு விட்டார், இன்னொன்று விட்டார். அழாமல் இருக்க எவ்வளவோ முயன்றுகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

"மூணு வாரம் கழிச்சுச் சொல்லியிருக்கலாமே" என்றார்.